பிள்ளை, உங்கட பெயர் இதில இல்லை

2018ஆம் ஆண்டு. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு வங்கிக் கிளை. எனக்கு அப்போது 22 வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் தருமபுரத்திலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ், பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு இன்னொரு பஸ். பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் யாராவது வந்து ஏற்ற வேண்டும். பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினால் அந்தக் கரைச்சல் தீரும் என்று ஒன்றரை இலட்சம் ரூபா கடன் கேட்கப் போயிருந்தேன்.

அதிகாரி என் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உங்கட பெயர் இதில இல்லை."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. "ஓம் சேர், நான் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடன் வேண்டினதில்லை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுதான் பிள்ளை கஷ்டம். நீங்கள் காசைத் திருப்பிக் கட்டுவீங்களோ எண்டு சொல்லுறதுக்கு இதில ஒரு வரிகூட இல்லை. நிரந்தர அரசாங்க வேலை செய்யிற ரெண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எனக்குத் தெரிந்து அப்படி இருந்தவர் ஒரே ஒரு மாமா. அவர் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் பிணை நின்றிருந்தார். விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது சங்கத்துக்கு வரும் 20, 22 வயதுப் பிள்ளைகளிடம் அன்றைய என்னைப் பார்க்கிறேன். கடனே வாங்காமல் இருப்பது நல்ல பெயர் என்று நம்புகிறார்கள். இல்லாவிட்டால் போன் கடையில் தவணைக்கு ஒரு போன் எடுத்து, நாலாம் மாதம் கட்டாமல் விட்டுவிட்டு, "சின்னக் காசுதானே அக்கா" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக் கொப்பி

கடைசி யுத்தத்துக்கு முந்தி எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்கார ஐயாவிடம் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று. வீட்டுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் எடுத்த சாமான்: அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம். வலப்பக்கம் கட்டின காசு. கச்சான் விற்றதும் அம்மா போய்க் கணக்கை முடிப்பார். முடிந்த பக்கத்தில் ஐயா நீலப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எங்கள் வீட்டுப் பக்கங்களில் அந்தக் கோடு வரிசையாக இருக்கும். அதனால் அடுத்த முறை அம்மா ஒரு மூடை மா கேட்டாலும் ஐயா யோசிக்க மாட்டார்.

2009 தை மாதம் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளம் முகாம். வீட்டில் இருந்த பத்திரங்கள், என் பள்ளிக்கூடச் சான்றிதழ், அப்பாவின் வங்கிப் புத்தகம், ஒன்றும் மிஞ்சவில்லை. ஐயாவின் கொப்பியும் மிஞ்சவில்லை.

2010இல் மீளக் குடியமர்ந்தபோது ஐயாவும் திரும்பி வந்து, தகரக் கொட்டில் ஒன்றில் கடை போட்டார். அம்மா ஒரு நாள் 3,740 ரூபாவை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். வெளிக்கிட்ட மாதம் எங்கள் பக்கத்தில் நின்ற பாக்கி அது. ஐயா கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி, கொப்பியே இல்லை, விடுங்கோ" என்றார். அம்மா விடவில்லை. "கொப்பியைத்தானே அண்ணை தொலைச்சனீங்கள். நான் மறந்திட்டனோ?" என்றார். ஐயா அன்றைக்கே புதுக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினார்.

கடன் வரலாறு என்று வங்கிகள் சொல்வதை நான் புரிந்துகொண்டது அந்தக் கொப்பியை வைத்துத்தான். சொன்ன நாளில் சொன்னபடி கொடுத்தாயா என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும். ஐயாவுக்கு அம்மாவின் முகம் தெரியும். வங்கிக்கு என் முகம் தெரியாது. அதனால் எழுத்தில் கேட்கிறது.

வங்கிகளின் கொப்பி

எங்கள் ஊரில் எல்லாரும் கிரிப் என்று சொல்வது இலங்கைக் கடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த கடன்களையும் அவை எப்படிக் கட்டப்படுகின்றன என்பதையும் அங்கே அனுப்புகின்றன. நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது, கேட்ட இடம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது. 250இலிருந்து 900 வரை ஒரு புள்ளியும் உண்டு. கூடினால் நல்லது.

"கிரிப்பில பெயர் விழுந்திட்டுது" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், ஏதோ பொலிஸில் பெயர் விழுந்ததுபோல. அந்தப் பேச்சால்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆனால் ஒழுங்காகக் கட்டிய கடனும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கடன் கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதில்லை. கொப்பியைத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான். கொடுப்பதா விடுவதா என்பது வங்கியின் முடிவு.

அறிக்கையில் என்னென்ன இருக்கும்? உங்கள் பெயரிலுள்ள கடன், லீசிங், கடன் அட்டை, ஒவ்வொன்றிலும் நிற்கும் மீதி, தவணை பிந்தியதா என்ற விபரம், காசில்லாமல் திரும்பிய காசோலை. இவற்றோடு நீங்கள் மற்றவருக்குப் பிணை நின்ற கடன்களும் இருக்கும். இந்தக் கடைசி விசயம் எங்கள் வன்னிப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

கனடாவிலுள்ள சித்தியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். போன புதிதில் அவருக்கும் அங்கே இதே கதைதானாம். ஊரில் எத்தனை வருடம் ஒழுங்காக வாழ்ந்தாலும் அங்குள்ள பணியகங்களுக்கு அது தெரியாது. கொஞ்சக் காசை வங்கியில் வைப்பாகக் கட்டி, அதை ஈடாக வைத்து ஒரு கடன் அட்டை எடுத்து, மாதா மாதம் கட்டித்தான் அவர் பெயரை உண்டாக்கினார். வெறும் பக்கத்திலிருந்து தொடங்குவது எங்களுக்கு மட்டும் வந்த விதியில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எங்கள் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது

ஆனால் வன்னியில் இந்த வெறுமைக்கு வேறு காரணங்களும் உண்டு.

முதலாவது காணி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களை அண்டிய குடியேற்றங்களில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். உறுதிக்காணிபோல அதை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பத்திரத்தையே யுத்தத்தில் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். கொழும்பில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனின் வீட்டு உறுதி கைகொடுக்கும். இங்கே ஒரு பிள்ளைக்கு இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நாங்கள் கடன் வாங்கும் இடங்கள். அவசரமென்றால் நகையை அடைவு வைக்கிறோம். அங்கே நகைதான் பிணை. அதற்கும் வழியில்லாவிட்டால் நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டி. சீட்டுப் பிடிக்கிறோம், கைமாற்று வாங்குகிறோம். சீட்டிலும் கைமாற்றிலும் பத்து வருடம் நாணயமாக நடந்தாலும் வங்கிக்கு அது தெரியப்போவதில்லை. எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களில் எடுத்துக் கட்டிய கடனும் பொதுவாக அப்படித்தான். 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்த நாடு இது. இருந்தும் எங்கள் பேரேட்டில் இருக்கும் நல்ல பெயர் அந்தக் கணினிக்குப் போய்ச் சேருவதில்லை. இது மாற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மூன்றாவது பயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஏ9 திறந்ததும் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் கொடுத்தன. எங்கள் வீட்டு மாமரத்தடியிலும் கிழமைக்கு ஒருநாள் பாய் விரித்துக் கூட்டம் நடந்தது. ஒருத்தி காசு கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் எழும்ப முடியாது. அம்மா கோழி வளர்க்க 40,000 ரூபா எடுத்தார். கோழிகள் நோயில் செத்தன. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் எடுத்தார், அதைக் கட்ட மூன்றாவது இடத்தில். செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் எங்கள் வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். பின்வளவில் ஒளிந்திருக்கும் அம்மாவுக்காக "அம்மா சந்தைக்குப் போட்டா" என்று பொய் சொன்ன பிள்ளை நான்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. 2018இல் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்துபோனபோது, நுண்கடன்களுக்கு வருடத்துக்கு 220 வீதம் வரைகூட வட்டி வாங்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பும் வைத்தது. அதற்குள் எத்தனையோ வீடுகள் உடைந்துவிட்டன. தாயின் கண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கடன் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குவதில் என்ன அதிசயம்?

அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பயத்தோடு கொஞ்சம் கணக்கும் படியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் செய்தது

வங்கியிலிருந்து திரும்பி வந்த மாதமே என் சம்பளத்தை அதே வங்கிக் கணக்குக்கு வரும்படி மாற்றினேன். மாதம் 5,000 ரூபா ஒதுக்கினேன். ஒரு வருடத்தில் சேர்ந்த 60,000 ரூபாவை நிலையான வைப்பில் போட்டு, அதை ஈடாகக் காட்டி 40,000 ரூபா கடன் எடுத்தேன். அந்தக் காசில் ஒரு தையல் மெசினும் வீட்டுக்குத் தண்ணீர் மோட்டரும் வாங்கினோம். 12 மாதத்தில் கட்டி முடித்தேன். ஒரு தவணைகூடப் பிந்தவில்லை.

சொந்தக் காசை வைத்துக்கொண்டு எதற்குக் கடன் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வைப்புக்குக் கிடைத்த வட்டிக்கும் கடனுக்குக் கட்டிய வட்டிக்கும் சில நூறு ரூபா வித்தியாசம் இருந்தது. என் பக்கத்தில் முதல் வரி எழுதுவதற்கு நான் கொடுத்த கூலி என்று அதை வைத்துக்கொண்டேன். ஆனால் தேவையில்லாத ஒரு பொருளுக்காக, பெயர் வர வேண்டும் என்பதற்காக மட்டும் கடன் எடுத்திருந்தால் அது பிழை. மெசினும் மோட்டரும் எப்படியும் வாங்க வேண்டியவை.

இரண்டாம் முறை ஸ்கூட்டிக்குக் கடன் கேட்டபோது அதே மேசை, அதே அதிகாரி. இந்த முறை திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பிணைக்கு ஒருவர் போதும் என்றார்.

ஸ்கூட்டிக் கடனில்தான் வட்டி படித்தேன். ஒரு லீசிங் முகவர் "வருடத்துக்கு 20 வீதம்தான் தங்கச்சி" என்று சொல்லியிருந்தார். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இருந்து போட்டுப் பார்த்தேன். ஒரு இலட்சம் ரூபா, இரண்டு வருடம். முழுத் தொகைக்கும் 20 வீதப்படி வட்டி 40,000. மொத்தம் 140,000ஐ 24ஆல் பிரித்தால் மாதம் 5,833 ரூபா. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறேன். கடைசி மாதம் என் கையில் அவருடைய காசு 6,000 ரூபாகூட இல்லை. இருந்தும் ஒரு இலட்சத்துக்கான வட்டியே போகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 35 வீத வட்டி. ஆகவே யார் கடன் தந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "வட்டி முழுத் தொகைக்கோ, குறையிற மீதிக்கோ?" பதில் வராவிட்டால் எழும்பி வாருங்கள்.

இன்னொன்று, வட்டி மாறுமா மாறாதா என்று கேளுங்கள். 2022 சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அதே கிழமைகளில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த என் சிநேகிதி ஒருத்தியின் தவணை ஏறிக்கொண்டே போனது. என்னுடையது நிலையான வட்டி, அதனால் தப்பினேன். அந்த வருடத்தில் தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை நாடே படித்தது. புதிதாகக் கடன் தர ஆளில்லை, பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. நாட்டுக்கும் வீட்டுக்கும் பெயர் ஒன்றுதான் முதல்.

கொரோனாக் காலத்தில் வந்த சலுகையையும் சொல்ல வேண்டும். 2020இல் தவணைகளை ஒத்திவைத்தார்கள். பலர் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. சலுகை வந்தால் எடுக்கலாம், ஆனால் கடைசியில் எவ்வளவு கட்ட வரும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீர்கள். போன் எடுக்காமல் விடாதீர்கள். தவணை நாளுக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். 90 நாள் தாண்டிப் போனால் வங்கி அதைச் செயற்படாக் கடன் என்று எழுதும். அதற்குப் பிறகு பேசுவதைவிட முதல் கிழமையில் பேசுவது எவ்வளவோ சுகம்.

பிணை

என் வயதுப் பெடியன் ஒருவன், நல்ல உழைப்பாளி, லான்ட்மாஸ்டர் திருத்துகிறவன். சொந்தமாக ஒரு பட்டறை போடக் கடன் கேட்டான். கிடைக்கவில்லை. அவன் பெயரில் ஒரு ரூபா கடனும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் சிநேகிதன் ஒருவனுக்கு ஓட்டோ லீசிங்கில் கையெழுத்து வைத்திருந்தான். சிநேகிதன் தவணை கட்டாமல் வெளிநாடு போய்விட்டான். அந்தக் கடன் இவனுடைய அறிக்கையில் நின்றது.

எங்கள் ஊரில் பிணை கேட்டு மறுத்தால் முகம் முறியும். கலியாண வீட்டில் கதைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், நானும் மறுத்திருக்கிறேன். ஆனால் பிணைக் கையெழுத்து என்றால் "அவன் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்" என்பதுதான். கட்ட உங்களிடம் காசு உண்டா, மனம் உண்டா? இரண்டுக்கும் ஓம் என்றால் வையுங்கள். இல்லாவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள்.

அம்மாவின் பொலித்தீன் பை

போன வருடம் என் அறிக்கையை எடுத்து வீட்டில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். வங்கி மூலமாகவும் பணியகத்திடம் நேரடியாகவும் எவரும் தன் அறிக்கையைக் கேட்டு எடுக்கலாம். அம்மா பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்ர பெயரும் அதில இருக்குமோ பிள்ளை?"

குழுக்கடன் நாட்களுக்குப் பிறகு அம்மா வங்கிப் படி ஏறியதேயில்லை. தன் பெயர் எங்கோ ஒரு கணினியில் கறுப்பாகக் கிடக்கிறது என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பித்தோம்.

அறிக்கை வந்தது. மூன்று கடன்களில் இரண்டு முடிந்ததாக இருந்தன. மூன்றாவது இன்னும் கட்டாமல் நிற்பதாக இருந்தது. நான் திகைத்துப் போனேன். அம்மா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். உள்ளே இன்னொரு பை, அதற்குள் ரப்பர் பட்டி போட்ட பற்றுச்சீட்டுகள். கிழமைக் கிழமையாகக் கட்டியவை, மங்கிப் போனவை, மழை நனைத்துக் காயவைத்தவை. கடைசித் தவணைச் சீட்டும் அதில் இருந்தது. "முள்ளிவாய்க்காலில எல்லாத்தையும் விட்டிட்டு வந்தன் பிள்ளை. அதுக்குப் பிறகு ஒரு துண்டும் எறியேல்லை" என்றார்.

சீட்டுகளைப் பிரதி எடுத்து, கடிதத்தோடு அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தோம். பிழையைத் திருத்தி அனுப்ப வேண்டியது கடன் கொடுத்த இடம்தான். மூன்று தரம் அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் அம்மாவே வந்தார். திருத்திய அறிக்கை கையில் கிடைத்த அன்று, வீட்டுத் திண்ணையில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். "முடிந்தது" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு அதை நாலாக மடித்து, அந்தப் பைக்குள் சீட்டுகளுக்கு மேலே வைத்து முடிந்தார்.

பிள்ளைகளே, உங்கள் வயதில் நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் அறிக்கையை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வெறுமையாக இருந்தால் வெட்கப்படாதீர்கள், சிறிதாகத் தொடங்குங்கள். தேவையான பொருளுக்கு, உங்கள் சம்பளத்தில் அடங்கும் தவணைக்கு, வட்டி கேட்டுக் கடன் எடுங்கள். சொன்ன நாளில் கட்டுங்கள். சீட்டை எறியாதீர்கள். வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ குழுக்கடன் எடுத்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டி முடித்ததைக் கட்டவில்லை என்று எழுதிவைத்திருந்தால், அதைத் திருத்திக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் நாங்கள்தான் இருக்கிறோம்.